கொல்லையில் குழியா, அடுப்பா?

எரிகிற தீ வேண்டுமா, தணல் வேண்டுமா என்று முதலில் தீர்மானித்துவிட்டால், கொல்லையில் நெருப்புக்கு என்ன கட்டுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். கடைக்காரர்கள் இதைக் கேட்பதில்லை. "எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க, எத்தனை பேர் உட்காரணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்தத் தெளிவு எனக்கு வந்தது வீட்டில் மனைவியின் ஆயாவிடமிருந்து. தென்னாப்பிரிக்காவில், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்று கல் அடுப்பில் ஆக்கி வளர்ந்தவர். தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது.

"தம்பி, கூழுக்குத் தீ நாக்கு வேணும். கறி வாட்டத் தணல் வேணும். ரெண்டையும் ஒரே குழியில கேக்காத."

நாங்கள் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல் பகுதி. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் நடக்கிறது. எங்கள் வீட்டில் மீலி மீல் என்கிற வெள்ளைச் சோள மாவில் காய்ச்சி, மாஸ் என்கிற புளித்த பாலை ஊற்றிக் கரைப்போம். ஆடி என்றால் இங்கே நடுக்குளிர்காலம். ஆகவே வீட்டில் இரண்டு கட்சிகள். அத்தையும் ஆயாவும் கூழ் அண்டாவுக்கு நிலையான அடுப்பு கேட்டார்கள். மச்சானுக்கு வேண்டியது நெருப்புக் குழி: சுற்றி நாற்காலி போட்டுக் குளிர் காய்ந்துகொண்டு, அதிலேயே பிராயும் (இந்த ஊரில் தணலில் கறி வாட்டுவதற்கு அதுதான் பெயர்) போடலாம் என்பது அவன் கணக்கு. 2023 மின்வெட்டுக் காலத்திலிருந்தே இந்தப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

குழியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. திறந்த நெருப்பின் சூடு மனிதர்களை வந்து சேர்வது கதிர்வீச்சாக. சூடான காற்று முழுக்க நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. முகத்திலும் முழங்காலிலும் படுவது தீயும் தணலும் வீசுகிற வெப்பம்தான். அதிலும் நன்றாகப் பிடித்த தணல் சீராக, நெடுநேரம் வீசும். லாங்மார்க்கெட் தெரு (இப்போது லங்கலிபலேலே தெரு) கோயிலில் புனித வெள்ளி அன்று நடக்கும் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டைகளைப் பல மணி நேரம் முன்பே எரித்துத் தணலாக்கிப் பரப்பியிருப்பார்கள். ஒரு சுவாலைகூடத் தெரியாது. ஆனால் கரையில் நிற்கிறவர்களால் பக்கத்தில் நெருங்க முடியாது.

தணல் சேர வேண்டுமென்றால் தடித்த கட்டை வேண்டும், அகலமான இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். இவை மூன்றையும் குழி தரும். அடுப்பு நேர் எதிர். நல்ல விறகடுப்பு விறகிலிருந்து கிளம்பும் வாயுவை உள்ளேயே எரித்துவிடப் பார்க்கும். மெல்லிய விறகைக் கேட்கும். கடைசியில் மிஞ்சும் தணல் ஒரு சட்டிகூட வராது. அதில் பிராய் போட நினைப்பது வீண். பிராய்க்கு எங்களிடம் ஏற்கெனவே பாதியாக வெட்டிய இரும்பு உருளை ஒன்று இருக்கிறது, அதுவே போதும் என்றேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. உருளையைச் சுற்றி உட்கார முடியாதாம். அதுவும் சரிதான்.

என் முடிவை அடுப்புப் பக்கம் சாய்த்தது இந்த ஊர்க் காற்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுற்றிலும் மேடு சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. மேகமில்லாத குளிர்கால இரவில், சரிவுகளில் குளிர்ந்த காற்று கீழே வழிந்து பள்ளத்தில் தங்கிவிடும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். கீழே கிளம்பும் புகை மேலே போக வழியில்லாமல் கூரை உயரத்திலேயே பரவும். வேர்ல்ட்ஸ் வியூ மேட்டிலிருந்து ஜூலை மாதக் காலையில் பார்த்தால் ஊர் மேல் பழுப்பாக ஒரு படலம் கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழியில் நெருப்பு மூட்டினால் அந்தப் புகை நம் வேலியைத் தாண்டி, அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணி வழியாக, அவர்கள் வரவேற்பறைக்குள் போய் உட்காரும். குளிர் காய ஆசைப்படும் அதே நேரம்தான் புகை போகாத நேரம். எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கம். ஒரு வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பிள்ளை வேறு இருக்கிறது.

இன்னொன்று பெர்க் காற்று. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும், குளிர் முகப்பு வருவதற்கு முன்னால், உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து மலையிறங்கி வரும் வறண்ட வெப்பக் காற்று அது. காலையில் ஸ்வெட்டர் போட்டவன் மத்தியானம் வியர்த்துப்போவான். புல் காய்ந்து கிடக்கும் காலம். அதன் பிறகு காற்று திடீரெனத் திசை மாறி வேகமெடுக்கும். முந்தின இரவுக் குழியில் சாம்பலுக்கடியில் கிடந்த தணல் அப்போது பறக்கும். 1998ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி, காட்டுத் தீச் சட்டத்தின் கீழ் தீ அபாயத்தை நிறத்தால் அறிவிக்கிறார்கள்; சிவப்பு என்று அறிவித்த நாளில் திறந்தவெளியில் நெருப்பே கூடாது. அடுப்பானாலும் அன்றைக்குப் பற்றவைக்க மாட்டோம். ஆனால் சாதாரண நாளில், செங்கல்லுக்குள் அடைபட்ட நெருப்பும் குழியில் திறந்து கிடக்கும் நெருப்பும் ஒன்றல்ல.

பிறகு விறகுக் கணக்கு. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் இருக்கிறது. 20 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவை. (இந்த ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் மேலே, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும்.) மூன்று கல் அடுப்போ குழியோ, விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரைதான் பாத்திரத்துக்குள் போகும். அதாவது 4 கிலோ விறகு. ராக்கெட் அடுப்பு என்று சொல்கிறார்களே, அந்த வகையில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது வரை கிடைக்கும். 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். காசு மிச்சம் பெரிதில்லை. பாதி விறகு என்றால் பாதிப் புகைக்கும் குறைவு, அதுதான் எங்களுக்கு முக்கியம்.

கடையில் விற்கும் மற்றவற்றையும் பார்க்காமல் இல்லை. வயிறு பருத்த சுட்டமண் சிமினியா பார்க்க அழகு. புகையைத் தலைக்கு மேலே அனுப்பும், காற்றில் பொறி பறக்காது. ஆனால் அண்டா வைக்க இடமில்லை, பெரிய தீ போட்டால் விரிசல் விடும். இரட்டைச் சுவர் வைத்த 'புகையில்லாக் குழி'யில் சுவரிடையே சூடேறிய காற்று மேல் விளிம்பு ஓட்டைகள் வழியாக வந்து புகையை எரிக்கும். வேலை செய்யும், உண்மை. ஆனால் உலோகம் நன்றாகச் சூடேறிய பிறகு, விறகு காய்ந்ததாக இருந்து, விளிம்புக்குக் கீழே அடங்கி எரிந்தால் மட்டும். விலையைப் பார்த்து மச்சானே திரும்பி வந்துவிட்டான். இலவசமாகக் கிடைக்கும் அருமையான குழி ஒன்று உண்டு: பழைய வாஷிங் மெஷினின் உள் டிரம். துருப்பிடிக்காத எஃகு, சுற்றிலும் ஓட்டை, காற்று நாலாபக்கமும் நுழையும். பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டுச் செங்கல் மேல் நிறுத்தினால் போதும். ஆனால் துத்தநாகம் பூசிய வாளி, தொட்டி எதிலும் நெருப்பு போடாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். அந்தப் பூச்சு எரிந்து கிளம்பும் வெள்ளைப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

முடிவு, செங்கல் ராக்கெட் அடுப்பு.

இதன் சூத்திரம் எளிது. விறகு கிடைமட்டமாக நுழையும் வாய், அதிலிருந்து செங்குத்தாக ஏறும் சிறு புகைபோக்கி, அதன் உச்சியில் பாத்திரம். விறகின் முனை மட்டும் எரியும். எரிய எரியத் தள்ளிவிடுவோம். வாயிலிருந்து உச்சிவரை உள்ளளவு மாறக் கூடாது, குறுகினால் புகை திரும்பி முகத்துக்கு வரும். உயரம், அகலத்தைப் போல மூன்று மடங்கு. எங்களுடையது உள்ளே 15 சென்டிமீட்டர் சதுரம், 45 சென்டிமீட்டர் உயரம். உட்சுவர் சூட்டை உறிஞ்சாமல் இருந்தால்தான் வாயு எரிகிற 600 டிகிரிக்கு மேலான வெப்பம் சீக்கிரம் வரும். கனமான செங்கல்லை மட்டும் வைத்துக் கட்டினால் முதல் அரை மணி நேரச் சூட்டைச் செங்கல்லே குடித்துவிடும். ஊரில் கல்யாணத்துக்கு வெட்டும் கோட்டை அடுப்பில் அது பரவாயில்லை, நாள் முழுக்க எரிகிற அடுப்பு. இரண்டு மணி நேரக் கூழுக்குக் கட்டுப்படியாகாது.

எனவே உள்வரிசைக்கு ஃபயர் பிரிக் என்கிற, சூடு தாங்கும் மெல்லிய செங்கல், வெளிவரிசைக்கு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் 222 × 106 × 73 மில்லிமீட்டர் சாதாரணச் செங்கல், இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியை வெர்மிகுலைட் என்கிற, சூட்டைத் தடுக்கும் லேசான கனிமத் துகளால் நிரப்பினேன். வெர்மிகுலைட் இந்த நாட்டுச் சரக்கு, லிம்போப்போவில் பாலபோரா சுரங்கத்தில் வெட்டுகிறார்கள். செடி விற்கும் நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும். கிடைக்காதவர்கள் சலித்த விறகுச் சாம்பல் போடலாம், அதுவும் சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஈரம் இறங்கினால் படிந்துவிடும். கொஞ்சம் களிமண் கரைசல் தெளித்துப் பிசிறினால் வெர்மிகுலைட் சரியாமல் நிற்கும்.

அடித்தளத்துக்குப் புல்லைச் செதுக்கி, ஜல்லி கொட்டி இடித்து, நடைபாதைக் கற்கள் பதித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இதில் சோம்பல் கூடாது. அண்டாவும் கூழுமாக முப்பது கிலோ, அதைத் துடுப்பு போட்டுக் கிண்டும்போது அடுப்பு ஆடினால் காலில் கொதிகூழ். கடையில் விற்கும் தகர ராக்கெட் அடுப்புகளை நான் ஒதுக்கியதற்கும் இதுவே காரணம். மெல்லிய கால், மேலே கனம். தவிர, உள்வெப்பத்தில் மெல்லிய இரும்புத் தகடு செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டையாகிவிடும்.

உள்வரிசைக்கு சிமெண்ட் கலவை வேண்டாம். அந்தச் சூட்டில் சிமெண்ட் பலமிழந்து மாவாக உதிரும். வெப்பம் தாங்கும் கலவை விற்கிறார்கள், அல்லது களிமண்ணும் மணலும். மெல்லிய பூச்சாக இருக்கட்டும். கலவை தடித்தால் அங்கேதான் விரிசல் விழும். வெளிவரிசைக்கு வழக்கமான கலவை போதும். வாயின் மேல் பாலமாக இரும்புக் கோணம் வைப்பார்கள். அது பழுத்துத் தொய்யும். நான் நீளமான ஃபயர் பிரிக் பலகை வைத்தேன். வாயின் குறுக்கே பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே கம்பித்தட்டு ஒன்று, மேலே விறகு, கீழே காற்று. வாய் முழுவதையும் விறகால் அடைத்துவிட்டு 'புகையுது' என்பவர்களுக்கு இந்தத் தட்டுதான் மருந்து.

அண்டாவுக்கும் அடுப்பு உச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? பலரும் கண்ணளவில் விடுகிறார்கள். கணக்கு இருக்கிறது. புகைபோக்கியின் பரப்பு 15 × 15 = 225 சதுர சென்டிமீட்டர். வாயு வெளியேறும் வழியெல்லாம் இந்தப் பரப்பே இருக்க வேண்டும். துளையின் விளிம்பில் சுற்றளவு 60 சென்டிமீட்டர், ஆக இடைவெளி 3.75. அண்டாவின் விட்டம் 45 என்றால் சுற்றளவு 141. அந்த ஓரத்தில் 1.6 சென்டிமீட்டர் போதும். ஆகவே உச்சியை நடுவில் தாழ்வாக, ஓரத்தில் உயர்வாக, கிண்ணம் போலச் சரித்துப் பூசினேன். அண்டாவைச் சுற்றி அதே 1.6 சென்டிமீட்டர் விட்டு ஒரு தகட்டு வளையம் நிறுத்தினால், சூடான வாயு அடியோடு நின்றுவிடாமல் பக்கச்சுவரையும் தடவிக்கொண்டு மேலேறும். இந்த ஒரு வளையத்தில் கிடைக்கிற பலன் மற்ற எல்லா நுணுக்கத்தையும் விட அதிகம். தகடு துத்தநாகப் பூச்சில்லாததாக இருக்கட்டும்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டு மூன்று கால் போய்க்கிச் சட்டி இந்த அடுப்பில் உட்காராது. அது தணல் மேல் நிற்பதற்கென்றே வார்த்த சட்டி; கால்களுக்கு நடுவே தணலைத் தள்ளியும் இழுத்தும்தான் அதில் சூட்டை ஆள்வார்கள். வீட்டில் போய்க்கிதான் அதிகம் வேகிறது என்றால் குழியே கட்டுங்கள், அடுப்பு வேண்டாம். எங்களுக்கு அடி தட்டையான அண்டா.

கட்டி முடித்ததும் எரிக்கக் கூடாது. ஒரு வாரமாவது நிழலில் காய வேண்டும், பிறகு சுள்ளி போட்டுச் சின்னச் சின்னத் தீ. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மெதுவாக வெளியே வரட்டும். எடுத்த எடுப்பில் பெருந்தீ போட்டால் அந்த ஆவியே செங்கல்லைப் பிளக்கும். குழிக்கு ஆற்றுக் கூழாங்கல் அடுக்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நீர் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். இங்கே கோடையில்தான் இடிமழை. ஊறிய அடுப்பும் அப்படியே, அதனால் மேலே ஒரு தகர மூடி போட்டு வைக்கிறோம், மூட்டுமுன் எடுத்துவிடுவோம்.

நாங்கள் எரிக்கும் விறகு வாட்டில் மரம். நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்கிற மரத்தின் இனம். இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்து மலைப்பகுதித் தோட்டங்களில் பட்டைக்காக வளர்த்தது, இன்று ஓடைக்கரையெல்லாம் தானாகப் பரவி அரசாங்கமே வெட்டச் சொல்கிற மரம். சாலையோரத்திலும் பெட்ரோல் பங்கிலும் மூட்டையாக விற்கும். தீயும் நன்றாக நிற்கும், தணலும் நிற்கும். யூகலிப்டஸ் சூடு கொடுக்கும், ஆனால் பொறி தெறிக்கும். பைன் மரம் கரி பூசிவிடும், பற்றவைக்கச் சிராய்க்கு மட்டும் சரி. கேமல்தார்ன் விறகு பிராய்க்காரர்களின் செல்லம். பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால் அனுமதியில்லாமல் வெட்டியதாக இருக்கக்கூடும், நாங்கள் வாங்குவதில்லை. வேலிக்கம்பத் துண்டுகள் பச்சை நிறம் கலந்திருந்தால் தொடவே வேண்டாம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியவை. சரக்குப் பலகையில் 'எச்.டி.' முத்திரை என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம், 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது, எரிக்கக் கூடாது.

மூட்டையில் வருவதை நம்பி அப்படியே போடாதீர்கள். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் நாம் நினைப்பதுபோல அவ்வளவு பெரிதல்ல. ஆனால் தீயின் சூடு இறங்கிவிடுகிறது, இறங்கினால் வாயு எரியாமல் புகையாகப் போகிறது. இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் மொத்தென்று கேட்கும். அடுப்புக்கு இரண்டு விரல் தடிமனுக்குப் பிளந்துகொள்ள வேண்டும். பிளப்பதுதான் இந்த அடுப்பின் உண்மையான கூலி, அதை யாரும் சொல்வதில்லை. குழி என்றால் தொடை தடிமன் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். அடுப்பின் முன்னால் ஒருவர் நின்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

கூழ் நாளில் 20 லிட்டர் தண்ணீர் முக்கால் மணி நேரத்துக்குள் கொதித்தது. முதல் சில நிமிடம்தான் புகை, பிறகு அண்டாவைச் சுற்றிக் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. மாவைக் கரைத்து ஊற்றியதும் விறகைப் பின்னுக்கு இழுத்துத் தீயைச் சிறுகவைத்தோம். கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்புகிற அளவுக்கு உடனே அடங்கும். குழியில் இது நடக்காது, தணல் தன் இஷ்டத்துக்குத்தான் ஆறும். ஆயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குளிர் காயறதுக்கு ஒண்ணும் இல்லையே இதுல" என்றார். சரியான குறை. சூடெல்லாம் அண்டாவுக்குப் போகிறது, எதிரில் இருப்பவருக்கு வாய் வழியாக வரும் வெளிச்சம் மட்டும்.

மச்சான் மிச்சமிருந்த செங்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹோவிக்குக்குப் போய்விட்டான். அவன் வீடு அங்கேதான், பள்ளத்துக்கு மேலே, உறைபனி விழும் ஊர். பெரிய மனை, அண்டை வீடு தூரம். அவனுக்குக் குழிதான் சரி என்று நானே சொன்னேன். உள்விட்டம் 90 சென்டிமீட்டர், ஆழம் 30, அடியில் ஜல்லி, ஏனென்றால் அந்தக் களிமண்ணில் கோடை மழைக்குக் குழி குளமாகிவிடும். லாப்பா என்கிற திறந்த பந்தலின் புல்கூரையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு. மூன்று மீட்டர் என்பது வேலிக்குப் போதும், கூரைக்குப் போதாது. அணைக்கும்போது மண் போட்டு மூடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். மண்ணுக்கடியில் தணல் மறுநாள் வரை உயிரோடிருக்கும், மேலே பார்த்தால் வெறும் மண், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.